பயிற்சிக் குழந்தை எண் நான்கு

மார்ச் 2

தங்கச்சிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்க இன்று கை வரவில்லை, மன்னித்துக்கொள். போனில் பேசினால் நீ நடுவில் அழுவாய், நான் நடுவில் கத்துவேன், கடைசியில் விஷயம் அந்தரத்தில் தொங்கும். அதனால்தான் எழுதுகிறேன். லேபில் மதிய இடைவேளை இருபது நிமிடம். ரத்தக் குழாய்களைச் சுழற்றுகிற மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து ஆடினால் பாதி அந்த மிஷின், பாதி என் கோபம்.

நேற்று வண்டுவின் பள்ளிக்கூடத்தில் வரச் சொன்னார்கள். இரண்டு வாரத்துக்கு முன் பள்ளி உளவியலாளர் அவளைத் தனி அறையில் வைத்து ஏதோ அறிவுத்திறன் பரிசோதனை செய்தாராம், முடிவு வந்துவிட்டதாம். அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். என்னைப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முழங்கால் மோவாயில் இடித்தது. எதிரே உளவியலாளர், வகுப்பு டீச்சர், தலைமை ஆசிரியை. மூன்று பேருக்கும் பெரிய நாற்காலி.

"தொண்ணூத்தொண்ணு வந்திருக்குங்க," என்றார் உளவியலாளர். "சராசரிதான். எண்பதுக்குக் கீழ இருந்தாதான் துணை ஆசிரியை போட முடியும். உங்க பொண்ணுக்கு அறிவெல்லாம் இருக்கு. முயற்சிதான் இல்ல."

முயற்சி இல்லையாம்! கரும்பலகையில் இருக்கிற நாலு வரியை எழுதி முடிப்பதற்குள் உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறாள் அந்தப் பிள்ளை. "பையை வச்சிட்டு, கையக் கழுவிட்டு, சட்டைய மாத்து" என்று மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால், பையைத் தோளில் மாட்டியபடியே நின்று என் வாயைப் பார்க்கிறாள். போன வருஷம் ஒன்றாம் வகுப்பு டீச்சர் "வாங்கிக்கவே மாட்டேங்கிறா" என்றாள். இந்த வருஷம் இவளும் அதையே சொன்னாள். இரண்டு வருஷமாகப் பாட்டுப் பாடிவிட்டு, இப்போது ஒரு எண்ணைக் காட்டி, பிள்ளை சோம்பேறி, அம்மா செல்லம் கொடுக்கிறாள் என்று முடித்துவிட்டார்கள். உங்கள் மாமா கேட்டுவிட்டு, "அப்ப மண்டை நல்லாத்தான் இருக்கு, நாலு அதட்டு அதட்டினா சரியாயிடும்" என்கிறார். அவரை அதட்டத்தான் எனக்குத் தோன்றுகிறது.

ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டம். எந்தப் பிள்ளைக்குத் துணை ஆசிரியை, எந்தப் பிள்ளை அதே வகுப்பிலேயே இன்னொரு வருஷம் என்று அன்றைக்கு முடிவெடுத்துவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் இந்தக் கூட்டம். குழந்தைகளின் அறிவையும் வளர்ச்சியையும் பார்ப்பதற்கென்றே இரண்டு வருஷமாகப் படிக்கிறாயே, நீ சொல், தொண்ணூற்றொன்று வாங்கிய பிள்ளை ஏன் இப்படி இருக்கிறாள்?

இன்னொன்று. வெளியே வந்ததும் அவளைக் கேட்டேன், "கஷ்டமா இருந்துச்சாடா கண்ணு?" என்று. "இல்லம்மா, சித்தி பெட்டிதான். எனக்குத்தான் தெரியுமே!" என்றாள். எந்தப் பெட்டி? போன மே மாதம் லீவுக்கு வந்தபோது தூக்கிக்கொண்டு வந்தாயே, அதுவா?

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நான் பயிற்சி எடுக்கிற பள்ளியின் மாடிப்படியில் நின்றே படித்துவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் முதல் மணியே காதில் விழவில்லை.

அந்த உளவியலாளர் செய்தது தப்பு, அக்கா. ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குழந்தையை முடிவுகட்டக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தருகிற முதல் பாடம். வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று உன்னிடம் கேட்டாரா? வகுப்பறையில் பின்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தாரா? அவள் நோட்டைப் புரட்டினாரா? ஒன்றுமே செய்யாமல் எண்ணைத் தூக்கிக் கையில் கொடுத்தால் அதற்குப் பெயர் மதிப்பீடு இல்லை. "முயற்சி இல்லை" என்று அறிக்கையில் எழுதினால் எங்கள் மேற்பார்வையாளர் அந்தத் தாளையே கிழித்துவிடுவார். ஸ்கேல் மேடம் என்று நாங்கள் கூப்பிடுவோமே, அவர்தான். வரிக்கு வரி அளவுகோல் வைத்துத்தான் படிப்பார்.

எழுத்து மூலமாக ஆட்சேபம் கொடு. என்னென்ன கேட்க வேண்டும் என்று தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அதே பரிசோதனையை உடனே திரும்பச் செய்யக் கூடாது. குழந்தைக்கு நினைவிருக்கும், எண் பொய்யாக ஏறிவிடும். ஒரு வருஷமாவது இடைவெளி வேண்டும்.

பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். எல்லாப் பரிசோதனைப் பெட்டியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அவள் குழப்பிக்கொண்டிருப்பாள்.

எனக்கு அறுநூறு மணி நேரப் பயிற்சியில் இன்னும் நாற்பதுதான் பாக்கி. ஜூனில் முடிகிறது. வண்டுவுக்கு முத்தம்.

உன் தங்கை


மார்ச் 15

தங்கச்சிக்கு,

குழப்பிக்கொண்டிருப்பாளா? யார், வண்டுவா?

ஞாயிற்றுக்கிழமை அவள் தரையில் உட்கார்ந்து ஒன்பது தீப்பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். பாதிக்கு வண்ணம் பூசியிருந்தாள். "என்னடா இது?" என்றேன். "சித்தி விளையாட்டு. மூலையில இருந்து ஆரம்பிக்கணும். அப்புறம் நடு. சித்தி கைய புடிச்சு சொல்லிக்குடுத்தாங்க" என்றாள். பள்ளியிலும் இதேதானா என்று கேட்டேன். இதே படம், இதே கட்டை, இதே கேள்வி என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். தன் வீட்டு விலாசத்தை ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை!

நீ எழுதியதையே எடுத்து வைத்துப் பார்த்தேன். "குழந்தைக்கு நினைவிருக்கும், எண் பொய்யாக ஏறிவிடும்." உன் கையெழுத்துதானே இது? ஒரு வருஷம் இடைவெளி வேண்டும் என்றாயே, மே மாதத்துக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் எத்தனை மாதம் என்று எண்ணத் தெரியாதா உனக்கு? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய். அதுவும் எனக்கே பரிமாறுகிறாய்.

எங்கள் லேபில் ஊசியில் ஒரு சொட்டு வேறு மருந்து ஒட்டியிருந்தாலே அந்த ரத்தம் குப்பைக்குப் போகும். யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, ஏன் கெட்டது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாமல் முடிவை அனுப்பினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் பத்தாவதுக்கு மேல் இரண்டு வருஷம்தான் படித்தேன். நீ எத்தனை வருஷம் படித்தாய்?

அந்த மனிதர் மேல் பழியைப் போட்டு எனக்குக் கேள்வித்தாள் வேறு தயார்செய்து அனுப்பியிருக்கிறாய். அதை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் கத்திவிட்டு வந்திருந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொண்டிருப்பேன்? மே மாதம் என்னதான் நடந்தது? மழுப்பாமல் எழுது.

அக்கா


மார்ச் 22

அக்கா,

எழுதுகிறேன். உனக்குப் பிடிக்காததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் வருஷத்தில் ஆறு குழந்தைகளை வைத்துப் பரிசோதனை செய்து பழக வேண்டும். குழந்தைக்குப் பெயர் கிடையாது, எண்தான். எல்லோரும் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் பிடிப்போம். எனக்கு வண்டு நான்காவது. நான் அப்போது ஒரு கையில் ஸ்டாப்வாட்சும் இன்னொரு கையில் விடைத்தாளுமாகத் தடுமாறிக்கொண்டிருந்த கற்றுக்குட்டி. முதல் நாள் முழுவதுமாக, விதிப்படி செய்தேன். அந்தத் தாளைத்தான் கல்லூரியில் கொடுத்தேன்.

மறுநாள் என் கை பழகுவதற்காக இன்னொரு தடவை செய்தேன். அது தேவையே இல்லை. மூன்றாம் நாள் அவளே கேட்டாள். படத்தில் இருக்கிற மாதிரி கட்டைகளை அடுக்க வரவில்லை என்று அழுதாள். நீ எங்கே இருந்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? பெற்றவர்கள் அறைக்குள் இருக்கக் கூடாது என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். "எம்புள்ள, எங்க வீடு, எனக்கென்னடி சட்டம்" என்று துவைத்த துணியை மடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாய். அவள் அழுததும் என்ன சொன்னாய்? "கல்நெஞ்சக்காரி, புள்ள அழுதுட்டு நிக்கிறா, சொல்லிக்குடுத்தா உன் கிரீடம் இறங்கிடுமா?" என்றாய். சொல்லிக்கொடுத்தேன். கட்டையை மட்டுமில்லை, எல்லாவற்றையும்.

இன்னொன்றும் கேட்கிறேன், அக்கா. பரிசோதனைக்கு முன்னால் உன்னிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். "குழந்தையின் கற்றலைப் பற்றி ஆசிரியர் யாராவது கவலை தெரிவித்திருக்கிறாரா?" என்று அதில் ஒரு கேள்வி. ஆமாம் என்று பதில் வந்தால் அந்தக் குழந்தையை நாங்கள் தொடவே கூடாது. பழகுகிறவர்கள் கையில் அப்படிப்பட்ட குழந்தையின் உண்மையான பரிசோதனை கெட்டுவிடும் என்றுதான் அந்தக் கேள்வியே. நீ இல்லை என்று டிக் போட்டாய். இப்போது, ஒன்றாம் வகுப்பு டீச்சரே சொன்னாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒன்றாம் வகுப்பு ஏப்ரலில் முடிந்தது. நீ டிக் போட்டது மே மாதம்.

என்னை மட்டும் பதிவேட்டில் எழுதச் சொல்கிறாயே!

முதல் நாள் எண் எழுபத்து நான்கு.

தங்கை


மார்ச் 27

எழுபத்து நான்கு.

நாலு நாளாக இந்த எண் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. எண்பதுக்குக் கீழே. அவளுக்கு உதவி வேண்டும் என்று உனக்குப் போன மே மாதமே தெரியும். நான் அன்றைக்குக் கேட்டேன், "எப்படிடி செஞ்சா?" என்று. "சூப்பரா செஞ்சாக்கா" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். பஸ் ஏறிப் போய்விட்டாய்.

ஆமாம், டிக் போட்டேன். போட்டேன்தான்! ஊருக்கெல்லாம் என் தங்கை பிள்ளைகளின் மூளையைப் பற்றிப் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன், அந்தத் தங்கையிடமே என் பிள்ளை மக்கு என்று டீச்சர் சொல்கிறாள் என்று எப்படி எழுதிக் கொடுப்பேன்? வெட்கமாக இருந்தது. உன்னிடம்தான் வெட்கம், வேறு யாரிடமும் இல்லை. நீ கண்டுபிடிக்கிறாயா பார்க்கலாம் என்றும் ஒரு மூலையில் இருந்தது. சொல்லாமலே உனக்குத் தெரிந்துவிடும், நீயே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வாய் என்று நினைத்தேன். நீ கண்டுபிடித்தாய். கண்டுபிடித்துவிட்டு மறைத்தாய்.

எனக்கு எரிகிறது எது தெரியுமா? "அந்தத் தாளைத்தான் கல்லூரியில் கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறாயே. எத்தனை மார்க் வாங்கினாய்? என் பிள்ளை திணறித் திணறிச் சொன்ன பதிலையெல்லாம் அழகாக எழுதி, கட்டி, அட்டை போட்டு, நீ மார்க் வாங்கியிருக்கிறாய். அவள் வாங்கியது கடைசி பெஞ்ச். நேற்று அங்கே மாற்றிவிட்டார்கள், முயற்சி வருவதற்காகவாம்.

அறைக்குள் உட்கார்ந்தது என் தப்பு. சொல்லிக்கொடு என்றது என் தப்பு. பெற்றவளுக்கு அந்தப் பெட்டியின் சட்டம் தெரியாது. உனக்குத் தெரியும். வேலியே பயிரை மேய்ந்தால் மாட்டை எங்கே கட்டுவது?

ஏப்ரல் 18க்குள் அந்த உளவியலாளருக்கு நீ எழுது. இந்தத் தொண்ணூற்றொன்று செல்லாது, இன்ன காரணம், முதல் எண் இதுதான் என்று எழுதி உன் கையெழுத்தைப் போடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.


ஏப்ரல் 2

அக்கா,

எண்பத்தெட்டு மார்க். கேட்டாயே, சொல்லிவிட்டேன்.

நீ கேட்பது சின்ன விஷயம் மாதிரி எழுதியிருக்கிறாய். நான் அந்தக் கடிதத்தை எழுதினால் அவர் எங்கள் துறைக்கு எழுதுவார். எழுதத்தான் வேண்டும், அது அவர் கடமை. பரிசோதனைக் கேள்விகளை ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் தொழிலில் வினாத்தாளைத் திருடி விற்பதற்குச் சமம். போன வருஷம் ஒருவன் விடைத்தாளைப் படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பினான். அவ்வளவுதான் செய்தான். அவன் நாற்காலி இன்றைக்கும் வகுப்பில் காலியாகக் கிடக்கிறது.

இருபத்தெட்டு மணி நேரம் பாக்கி. ஸ்கேல் மேடம் கடைசிக் கையெழுத்துப் போட வேண்டும், பதிவு எண் வர வேண்டும். ஜூன் முடியட்டும், அக்கா. பதிவு எண் வந்த மறுநாளே எழுதுகிறேன். அப்போது நான் சொன்னால் எடையும் இருக்கும். அதுவரை வண்டுவுக்கு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று வாரா வாரம் எழுதி அனுப்புகிறேன். நான் ஓடிப்போகவில்லை. தள்ளிப்போடத்தான் கேட்கிறேன்.

திட்டாதே.

தங்கை


ஏப்ரல் 5

ஜூனில் நீ உளவியலாளர் ஆகிவிடுவாய். ஜூனில் வண்டு இன்னொரு வருஷம் அதே இரண்டாம் வகுப்பில், அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவளைவிடச் சின்னப் பிள்ளைகளோடு.

அதற்கப்புறம் நீ எத்தனை பிள்ளைகளைப் பார்த்து என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவிடமும் "மறைக்காம சொல்லுங்க" என்று கேட்பாயே, எந்த வாயால் கேட்பாய்?

திட்டாதே என்கிறாய். திட்டவில்லை. கேட்கிறேன்.


ஏப்ரல் 13

அக்கா,

எழுதிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. பதிவுத் தபாலில் உளவியலாளருக்கு ஒன்று, தலைமை ஆசிரியைக்கு ஒன்று. ஆனால் அதற்கு முன்னால் ஸ்கேல் மேடத்திடம் நேரில் சொல்லிவிட்டேன். பின்னால் தெரிந்து கூப்பிடுவதைவிட நானே போய் நிற்கிறது மேல்.

அவருடைய அறை ரொம்பச் சின்னது. பெட்டிகளை வைக்கிற இரும்பு அலமாரி, ஒரு மேஜை, மூன்று நாற்காலி. சொல்லி முடிக்கிறவரை அவர் பேனாவை மூடவே இல்லை.

"மூணு தடவ செஞ்சே. சொல்லிக்குடுத்தே. எழுபத்து நாலுன்னு பாத்தே. பாத்துட்டு என்ன பண்ணினே?"

"பயிற்சி முடிவை வீட்ல சொல்லக் கூடாதுன்னு விதி, மேடம்."

"வீட்ல சொல்லக் கூடாது. என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு? அந்தப் பிள்ளைய யாராவது தொழில் பழகினவங்க பாக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே ஆள் அனுப்பியிருக்க மாட்டேனா? பதினோரு மாசம்! உனக்குத் தூக்கம் வந்துதா?"

அப்போது எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, அக்கா. அவ்வளவு நேரம் குனிந்திருந்த தலை நிமிர்ந்துவிட்டது. அலமாரியைத் திறக்கச் சொன்னேன். பயிற்சிக் குழந்தை எண் நான்கின் தாளை நானே எடுத்து மேஜையில் வைத்தேன். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து, சிவப்பு மையில். "நேரக் கணக்கு சரி. கூட்டல் சரி. கையெழுத்து தெளிவு. மிக நன்று."

"நீங்களும் பாத்தீங்க, மேடம்," என்றேன். "எழுபத்து நாலுன்னு இதே தாள்ல இருக்கு. நான் கூட்டினது சரியான்னு பாத்தீங்க. அந்த எண் ஒரு பிள்ளையோடதுன்னு நீங்களும் பாக்கல. வருஷத்துக்கு இருபது பேர், ஆளுக்கு ஆறு பிள்ளை. இந்த அலமாரியில எத்தனை எழுபத்து நாலு தூங்குது?"

குரல் உயர்ந்துவிட்டது. வெளியே வராந்தாவில் நின்றிருந்த மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இதோடு தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் தாளை எடுத்து முதலிலிருந்து படித்தார். இந்தத் தடவை வண்டுவின் பதில்களைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு, "நீ சொன்னதையும் உன் கடிதத்துல சேத்து எழுது. என் கையெழுத்து இருந்ததையும் எழுது. நானும் எழுதறேன்," என்றார். கோபம் குறையவில்லை அவருக்கு. என்மேல் பாதி, தன்மேல் பாதி என்று மட்டும் தெரிந்தது.

விசாரணைக் குழு மே முதல் வாரம் கூடுகிறது. அதுவரை பயிற்சிப் பள்ளிக்குள் நான் போகக் கூடாது. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். நீக்கினாலும் நீக்கலாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். "சூப்பரா செஞ்சாக்கா" என்று ஏன் சொன்னேன் என்று பத்து நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். விதியெல்லாம் சும்மா. எனக்கு உன்னைப் பார்த்துப் பயம். எந்தப் பரீட்சை அதிகாரியைப் பார்த்தும் நான் அப்படிப் பயந்ததில்லை. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாயே, அந்த முகத்தில் போய் எழுபத்து நான்கு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான்.

தங்கை


மே 11

அடியே தங்கச்சி,

உன் கடிதத்தின் நகலை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உன் தப்பு இருக்கிறது, உங்கள் மேடத்தின் தப்பு இருக்கிறது. என் டிக் எங்கே? நான் அறைக்குள் உட்கார்ந்தது எங்கே? "சொல்லிக்கொடு" என்று நான் போட்ட கூச்சல் எங்கே? யாரைக் கேட்டு என்னை விட்டுவிட்டாய்? பெரிய தியாகி! எனக்குப் பிச்சை போடுகிறாயா?

அன்றைக்கே லேபில் உட்கார்ந்து உங்கள் துறைக்கு எழுதினேன். படிவத்தில் பொய் சொன்னது நான், பிள்ளையின் அம்மா, என்று பச்சையாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, விரைவுத் தபாலில் அனுப்பினேன். உங்கள் மாமா படித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ காரமா எழுதணுமா?" என்றார். "உங்களுக்கும் ஒரு பத்தி இருக்கு, பின்பக்கம் பாருங்க" என்றேன். அதட்டுகிற கதையை அதற்கப்புறம் அவர் எடுப்பதில்லை.

குழு முடிவை நீ போனில் சொன்னாய். நீக்கவில்லை, ஆனால் ஒரு வருஷப் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும், அறுநூறு மணி நேரமும். உனக்கு ஒரு வருஷம் போய்விட்டது. நான் கேட்டதால் போனது. நியாயம்தான் என்று புத்தி சொல்கிறது. ஆனாலும் வயிறு எரிகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்துச் செய்தி. கூட்டத்தை வண்டுவுக்காக மட்டும் தள்ளிவைத்தார்கள். அந்த உளவியலாளரை நான் நினைத்த அளவுக்குத் திட்ட முடியவில்லை. உன் கடிதம் வந்ததும் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். "நான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார். "ஆமாங்க, கேட்டிருக்கணும்" என்றேன். அதோடு விட்டுவிட்டேன். அவள் நோட்டுகளை இரண்டு மணி நேரம் பார்த்தார். வகுப்பில் பின்னால் உட்கார்ந்து இரண்டு நாள் கவனித்தார். பிறகு வேறு ஒரு பரிசோதனை, அவள் கண்ணாலேயே பார்க்காதது. எழுபத்தாறு வந்திருக்கிறது.

ஒரு தாய் எழுபத்தாறைக் கேட்டுவிட்டு நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன். மூச்சு விட்டேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்து அழுதேன், அது வேறு. ஜூனிலிருந்து துணை ஆசிரியை தினமும் நாற்பது நிமிடம் அவளோடு உட்காருவாள். மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள், முதல் பெஞ்சு.

பயம் என்று எழுதியிருந்தாயே, அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. என் முகம் அப்படித்தான், அதை இனிமேல் மாற்ற முடியாது. நீ சொல்லிவிட்டு ஓடிப்போ, நான் கத்தி முடித்த பிறகு திரும்பி வா. கேட்டுக்கொள்வேன்.

ஒன்றை உனக்குச் சொல்லக் கூடாது, உன் திமிர் இன்னும் கொஞ்ச நாள் அடங்கிக் கிடக்கட்டும் என்றிருந்தேன். மனசு கேட்கவில்லை. புதுப் பரிசோதனை அன்றைக்கு அந்த உளவியலாளர் ஆரம்பத்திலேயே வண்டுவிடம் குனிந்து, "இந்த மாதிரி வேற யாராவது உன்கூட செஞ்சிருக்காங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"எங்க சித்தி செஞ்சாங்க. ஆனா அவங்க இன்னும் படிச்சிட்டுதான் இருக்காங்க. அவங்களுக்கும் என்னை மாதிரி ஒரே தடவையில வராது."

அக்கா